சத்தம் குறைக்கும் பொத்தான்

காவிரிக் கரையில் செங்காட்டுப்பாளையம் என்றொரு ஊர். அந்த ஊரைவிட்டுச் சத்தம் போன கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அங்கே இருந்த சத்தத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறிப் பட்டறை, பட்டறைக்கு எட்டுத் தறி, பத்துத் தறி, மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் அத்தனையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருக்க, டம்ளரில் ஊற்றிய டீயின் மேலே வட்டம் வட்டமாக அலை ஓடும், சுவரில் மாட்டிய படங்கள் தாமாகவே கோணிக்கொள்ளும், வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் முதல் மாதம் முழுக்கத் தலைவலி என்று படுத்துக் கிடப்பார்கள், அப்புறம் பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் பேசிப் பேசி ஊர்க்காரர்களுக்குக் காது பாதி போயிருந்தது, ஆனால் கண் கூர்மையாகியிருந்தது; எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே முழுப் பேச்சையும் பிடித்துவிடுவார்கள், தெருவின் இந்தப் பக்கம் நிற்பவள் அந்தப் பக்கம் நிற்பவளிடம் குரலே எடுக்காமல் கொழுந்தனாரின் கல்யாண விஷயம் முழுவதையும் பேசி முடிப்பாள்.

அர்த்தநாரிக்கு அந்த ஊரில் எட்டுத் தறி போட்ட பட்டறையும், பட்டறையை ஒட்டி வீடும், சுகந்தி என்கிற மனைவியும், ரட்சிதா என்கிற ஐந்து வயது மகளும் இருந்தார்கள். ரட்சிதா பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை என்று எல்லா மருத்துவர்களும் சொன்னார்கள்; குறையில்லை என்று சொல்லச் சொல்ல அர்த்தநாரிக்கு நெஞ்சு கனத்தது, ஏனென்றால் குறை என்று ஒன்று இருந்தாலாவது அதைப் பிடித்துத் தொங்கலாம். ஈரோட்டில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் ஒருவரிடம் அழைத்துப் போவதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கினான். வண்டியில் போகும்போதும் வரும்போதும் போடச் சொல்லி அந்த அம்மையார் ஓர் ஒலிப்பதிவு கொடுத்திருந்தார். அதில் ஒரு பெண்குரல் ஆடு என்று சொல்லிவிட்டு, குழந்தை திருப்பிச் சொல்வதற்காகச் சற்று நிறுத்தும், பிறகு இலை என்று சொல்லிவிட்டு நிறுத்தும். இரண்டு வருடமாக அந்தக் குரல் ஆடு என்றும் இலை என்றும் சொல்லிச் சொல்லி நிறுத்திக்கொண்டிருந்தது, இரண்டு வருடமாக ரட்சிதா அம்மாவின் மடியில் உட்கார்ந்து கண்ணாடி வழியே கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ஈரோட்டிலிருந்து திரும்பி, ஊருக்கு வருகிற ஆற்றுப் பாலத்தின் மேலே வண்டி ஏறியபோது, அந்தக் குரல் பூனை என்று சொல்லிவிட்டு நிறுத்தியது. அர்த்தநாரியின் இடது கட்டைவிரல் ஸ்டியரிங்கில் இருக்கிற சத்தம் குறைக்கும் பொத்தானைத் தேடிப் போய் அமுக்கியது. சும்மா அமுக்கவில்லை; கழுத்து நரம்பு புடைக்க, அந்த இரண்டு வருடத்தையும் சேர்த்து அமுக்கினான் என்று பின்னால் உட்கார்ந்திருந்த சுகந்திக்குத் தெரிந்தது. குரல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. விரலை எடுத்த பிறகும் பொத்தான் வெளியே வரவில்லை. உள்ளே போனது போனபடியே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் வண்டியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான்.

மறுநாள் காலையில், வெகுகாலமாக அவனிடம் தறி ஓட்டுகிற செங்கோடன், மின்சாரம் குறைவாக வருகிறது போலிருக்கிறது, தறி சரியாக அடிக்கவில்லை என்று வந்து சொன்னார். போய்த் தறியின்மேல் கையை வைத்துப் பார்த்தால் அது எப்போதும்போல் அடித்தது, துணியும் எப்போதும்போல் இறங்கியது, சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் குறைந்தது. பக்கத்துப் பட்டறையில் குறைந்தது, எதிர்ச் சாரியில் குறைந்தது, மாரியம்மன் கோயில் தெருவில் குறைந்தது. அர்த்தநாரி காரைத் திறந்து பார்த்தபோது, சாவி போடாமலேயே பாட்டுப்பெட்டியின் திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் பூஜ்யத்துக்கும் கீழே ஓர் எண் இருந்தது, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஒன்று இறங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினான். எண் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வண்டியின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

ஊருக்கு அது முதலில் வரமாகத்தான் தெரிந்தது. கைக்குழந்தைகள் மதியம் முழுக்கத் தூங்கின. கிழவர்கள் தாங்கள் இத்தனை காலமும் கத்திக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று கண்டு வெட்கப்பட்டுக் குரலைத் தணித்தார்கள். கல்யாணமாகி வெகுநாள் ஆன ஒரு தம்பதி, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததாக ஊரே பேசிக்கொண்டது. இரண்டு வீடுகளில் சண்டையும் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் கேட்டது என்பதால். அந்தச் சத்தத்தில் எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் ஜாதகம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். காற்று மாறியதால் என்றார்கள், மோட்டாருக்கு வந்த புது எண்ணெயால் என்றார்கள், ஆறு நிரம்பி ஓடுவதால் என்றார்கள், பிறகு யாரும் காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சத்தம் குறைவது நிற்கவில்லை. தறிச்சத்தம் முழுக்க அடங்கிய பிறகு மற்ற சத்தங்கள் குறையத் தொடங்கின. குக்கர் விசில் கேட்காமல் வீட்டுக்கு வீடு சோறு அடிப்பிடித்தது, ஹாரன் கேட்காமல் ஆடுகள் பேருந்தில் அடிபட்டன, கோயில் மணியின் நாக்கு ஆடியது, ஓசை வரவில்லை. ஒரு நாள் காலையில் ஆட்கள் எழுந்து வாயைத் திறந்தபோது அவரவர் குரல் அவரவர் காதுக்கே எட்டவில்லை. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே காலி செய்துகொண்டு ஓடியிருக்கும். செங்காட்டுப்பாளையம் பிறந்ததிலிருந்து உதட்டைப் பார்த்துப் பேசிய ஊர், அதனால் அது முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிற்று.

எல்லாவற்றுக்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். துணிக்கா அங்கே பஞ்சம். பேருந்து வந்தால் சிவப்புத் துண்டு, பால் வந்தால் வெள்ளைத் துண்டு, சாவு விழுந்த வீட்டு வாசலில் கறுப்புத் துண்டு என்று கட்டினார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரத்துக்குப் பச்சைத் துணி ஏறியது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே கயிறு கட்டி, கூப்பிட வேண்டுமென்றால் அதை இழுத்தார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு மேளக்காரர்கள் வந்து அடித்தபோது ஊரே வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பறையின் தோலில் உள்ளங்கையை வைத்து அடியை வாங்கிக்கொண்டு போனது. அதிலேயே சிலருக்குச் சாமி வந்தது. வாய்விட்டுப் பேசியே ஆக வேண்டிய விஷயம் என்றால் ஊருக்கு வெளியே பாலத்துக்குப் போனார்கள், ஏனென்றால் பாலத்தின் நடுவில் சத்தம் மறுபடி தொடங்கியது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் போன் பேசுகிறவர்களும், சண்டை போட வேண்டிய புருஷன் பெண்டாட்டிகளும், பாட்டுப் பாட ஆசைப்பட்டவர்களும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள். பாலத்துக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்பது ஊரில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அந்த எல்லையும் மெல்ல மெல்லத் தள்ளிப்போய், பாலத்தின் அடுத்த முனைக்கும், அதைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது; ஆட்களும் அதன் பின்னாலேயே இன்னும் கொஞ்சம் தூரம் நடந்து போனார்கள்.

அப்படி இருக்கையில், ஒரு முற்பகல், சுகந்தி தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தபோது யாரோ சேலையை இழுத்தார்கள். குனிந்து பார்த்தாள். ரட்சிதா நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

“அம்மா, அங்க பாரு, செவப்பு நூலு அந்துபோச்சு.”

சுகந்தி தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழந்தை கையை நீட்டி இன்னொரு முறை அதையே சொன்னது, பிறகு வாசலில் வந்து உட்காருகிற காக்காய்க்கு ஒரு கால் நொண்டி என்றது, அப்பா சட்டையில் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்றது, நேற்றுத் தட்டில் வைத்த பாகற்காய் வேண்டாம் என்றது. ஐந்து வருடம் உள்ளே கிடந்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்க, சுகந்தி அந்தச் சின்ன உதடுகளைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாமல், கண்ணீர் மறைத்தால் ஒரு சொல் போய்விடுமே என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் குழந்தை அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, நான் சொல்வது உனக்குக் கேட்கிறதா என்று கேட்டது.

“கேக்குது கண்ணு” என்று உதட்டை அசைத்தாள் சுகந்தி. அது பொய்.

அர்த்தநாரி அன்று சாப்பிடாமல் மகளின் எதிரில் உட்கார்ந்து அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு ஆசை வந்தது, அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று. மெல்லியதாக இருக்குமா, சுகந்தியுடையதுபோல் கொஞ்சம் கரகரப்பாக இருக்குமா; அதைக் கேட்காமல் செத்துப்போகக் கூடாது என்று தோன்றிற்று. மறுநாள் தார்ப்பாயை எடுத்துவிட்டு, பேட்டரி வயரை மறுபடி மாட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் தள்ளி, கார்களுக்கு மின்வேலை பார்க்கிற அஸ்கரின் கடைக்கு வண்டியை ஓட்டிப் போனான்.

வண்டி போகப் போக அந்த மௌனமும் கூடவே போயிற்று. அஸ்கரின் கடைத்தெருவில் டீ ஆற்றுகிறவரும் பஞ்சர் ஒட்டுகிறவரும் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஸ்கர் ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த காற்றுப்பையைக் கழற்றி வைத்தார், பொத்தான் தொகுதியைப் பிரித்தார், பசை பிடித்திருக்கும் என்று மருந்தடித்துத் துடைத்தார், மீட்டரை வைத்துப் பார்த்தார். வேறொரு வண்டியிலிருந்து நல்ல பொத்தான் ஒன்றை எடுத்து மாட்டினார், அதுவும் மாட்டியவுடன் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பேசினால் கேட்காது என்பதால், முன்கண்ணாடியின் தூசியில் விரலால் எழுதினார்: இன்னும் ஒரு விரல் அமுக்கிக்கொண்டே இருப்பதாக வண்டி நினைக்கிறது. அர்த்தநாரி தன் கட்டைவிரலைப் பார்த்தான், அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான். அஸ்கர் பொத்தானிலிருந்து போகிற ஒரு மெல்லிய வயரைக் காட்டி, இதை வெட்டிவிட்டால் விரல் இருப்பது வண்டிக்குத் தெரியாமல் போகும் என்று சைகை செய்து, கட்டரை எடுத்தார். அப்போது அர்த்தநாரியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சுகந்தி எழுதியிருந்தாள்: சரி பண்ணாதீங்க. இங்க சத்தம் வந்துருச்சு. பாப்பா காதப் பொத்திக்கிட்டா. பேச்சு நின்னுபோச்சு.

அவன் அஸ்கரின் கையைப் பிடித்துக்கொண்டான். பிரித்ததையெல்லாம் அப்படியே பூட்டச் சொல்லி, வண்டியைத் திருப்பி ஊருக்கு ஓட்டிவந்தான். வாசலில் வண்டி நின்று, தறிகளெல்லாம் மறுபடி ஊமையான பிறகு, ரட்சிதா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவ்வளவு நேரம் அப்பா எங்கே போயிருந்தார் என்று கேட்டாள்.

வண்டி போனபோது சத்தம் வந்ததையும் வண்டி வந்தபோது சத்தம் போனதையும் ஊர் பார்த்துவிட்டது. மாலையில் பெரியவர்களும் பட்டறைக்காரர்களும் தாய்மார்களுமாக வந்து வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கோபமாக வரவில்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும் என்றுதான் வந்திருந்தார்கள். அதற்குள் ரட்சிதா கதவைத் திறந்துகொண்டு வந்து, அத்தனை பேரையும் நிமிர்ந்து பார்த்து, வாங்க, உக்காருங்க என்றாள். அந்த ஊரில் அந்த உதட்டைப் படிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வந்தவர்களில் ஒருத்தி குழந்தையின் தலையைத் தடவினாள், பிறகு எல்லாரும் கேட்க வந்ததைக் கேட்காமலேயே கலைந்து போனார்கள். அதன் பிறகு அந்த மௌனத்தை ஊரே சேர்ந்து சுமந்தது. வழியில் போகிறவர்கள் ரட்சிதாவிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள், அவள் சொன்னதை வீட்டில் போய்ச் சொன்னார்கள், கயிறுகளை இன்னும் நீளமாகக் கட்டிக்கொண்டார்கள்.

செங்கோடன் செத்தது அதற்குப் பிறகுதான். தோளில் கிடந்த துண்டு மோட்டார் பெல்ட்டில் சிக்கி அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கயிறு கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. அவருடைய மனைவி பாவாயி பட்டறைச் சுவருக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். மதியச் சோற்றுக்கு ஆள் வரவில்லையே என்று எழுந்து போய்த்தான் பார்த்தாள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகை யாருக்கும் கேட்கவில்லை. ஒப்பாரி சொல்ல வந்தவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்து அடியெடுத்துப் பாடினார்கள்.

காரியம் முடிந்த பிறகு பாவாயி அர்த்தநாரியின் வீட்டுக்கு வந்தாள். அவன் அவள் காலில் விழப் போனான். அவள் தடுத்து, அவனை நிமிர்த்தி, முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, தனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றாள்.

“என்னைக் கூப்புட்டிருப்பாருங்களா?”

அர்த்தநாரி வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அவளும் அதைப் பார்த்தாள், பிறகு ரட்சிதாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அவன் அந்த வயரை வெட்டப் போவதாகச் சுகந்தியிடம் சொன்னான். அவள் வண்டியோடு எங்காவது ஆளில்லாத காட்டுக்குப் போய்விடலாம் என்றாள். எல்லை ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகிறது, எந்தக் காட்டுக்குப் போனாலும் ஒரு நாள் அது ஏதாவது ஓர் ஊரைப் போய்த் தொடும், அங்கேயும் ஒரு சுவருக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்றான். அவள் பொழுது இறங்குகிற வரைக்குமாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டாள். மகளை மடியில் எதிர்முகமாக உட்காரவைத்துக்கொண்டு, தலை வாரினாள், சோறு ஊட்டினாள், என்னென்ன கேட்க முடியுமோ அத்தனையும் கேட்டாள், எது பிடிக்கும், எது பயம், இத்தனை நாள் ஏன் பேசவில்லை. அந்தக் கடைசிக் கேள்விக்குக் குழந்தை யோசித்துப் பார்த்துவிட்டு, பேசிக்கிட்டுத்தான இருந்தேன் என்றது.

வெயில் தணிந்தபோது அர்த்தநாரி காரின் கதவைத் திறந்து, அஸ்கர் காட்டிய வயரைத் தேடி வெளியே இழுத்தான். ஜன்னல் வழியாக மகள் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவள் முடிக்கவில்லை, ஒன்று முடிந்தால் இன்னொன்று தொடங்கினாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டினான்.

ஊரில் ஓடிக்கொண்டிருந்த எல்லாத் தறிகளின் சத்தமும் ஒரே நொடியில் வந்து விழுந்தது. அந்த நொடியில் ரட்சிதாவின் வாய் திறந்திருந்தது, அவள் குரல் வெளியே வந்தும் இருக்கும். ஆனால் அவளை மடியில் வைத்திருந்த சுகந்திக்குக்கூட அது கேட்கவில்லை, தறிச்சத்தம்தான் கேட்டது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. உதடு மூடிக்கொண்டது. தெருவில் ஆட்கள் வெளியே ஓடிவந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள், கோயில் மணியை அடித்தார்கள், யாரோ வெடி வைத்தார்கள், பாவாயி வீட்டிலிருந்து ஓர் அழுகை கிளம்பி வெகுநேரம் ஓயாமல் கேட்டது.

அதன் பிறகு நாள் போகப் போக, ரட்சிதா பேசவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. முதலில் எழுந்தவள் பாவாயிதான். அவள் பட்டறை பட்டறையாகப் போய், ஒரு நாள் மதியம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்துங்க, அந்தப் புள்ள பேசுமான்னு பார்ப்போம் என்று கேட்டாள். யாரும் மறுக்கவில்லை. குறித்த நாளில் ஒவ்வொரு பட்டறையாக மோட்டாரை அணைத்தார்கள், வண்டிகளைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார்கள், கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுத்து அமர்த்தினார்கள், இருமல் வந்தவர்கள் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார்கள். ஊர் மொத்தமும் அர்த்தநாரியின் வாசலிலும் தெருவிலும் கூரைகளின்மேலும் வந்து நின்றது. சுகந்தி மகளைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தி, எதிரில் மண்டியிட்டு, குரலே எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்து, சொல்லு கண்ணு என்றாள்.

ரட்சிதா எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். காற்றில் தென்னை ஓலை உரசுகிற ஓசை கேட்டது, எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது, ஆறு ஓடுவது கேட்டது. அவள் அம்மாவின் சேலைத் தலைப்பை எடுத்து அதன் நூலை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். நிழல் நகர்ந்தது. ஆட்கள் காத்திருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் கிளம்பினார், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர், சாவு வீட்டிலிருந்து போகிறவர்களைப்போல யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். தெருக்கோடியில் ஒரு தறி அடிக்கத் தொடங்கியது, பிறகு அதற்கு அடுத்ததில், பிறகு எதிர்ச் சாரியில். கடைசியாகப் பாவாயியும் எழுந்து போன பிறகு, அர்த்தநாரி பட்டறைக்குள் போய், செங்கோடன் ஓட்டிய தறியின் முன்னால் நின்று, மோட்டாரைப் போட்டான்.